கண்கொள்ளாக் காட்சி

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாப் பயணத்தைப் பற்றிய பேச்சுத்தான். வடக்கிலும் கிழக்கிலும் வெயில் கொளுத்துகிறது, பாடசாலைகளுக்கு விடுமுறை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடிக்கின்றன. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, அப்பம்மாவை முன் ஆசனத்தில் இருத்தி, சாமத்தில் செபமாலையோடு புறப்பட்டால், மறுநாள் றம்பொடை வளைவுகளில் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. கிரகரி வாவியில் படகோட்டம், ஹக்கலைப் பூந்தோட்டம், அம்பேவளைப் பாற்பண்ணை, கால் வலுவுள்ளவர்களுக்கு ஹோட்டன் சமவெளியும் உலக முடிவும். திரும்பும் வழியில் லீக்ஸ், கரட், ஒரு பெட்டி தேயிலை. யுத்த காலத்தில் இதெல்லாம் கனவாயிருந்தது. 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஏ-9 வீதி மீண்டும் திறந்த பின்னர், யாழ்ப்பாணத்தாருக்கும் வன்னியாருக்கும் இப்பிரயாணம் ஏறக்குறைய ஒரு திருவிழாவைப் போல ஆண்டுதோறும் வருவதாயிற்று.

போவது நல்லது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், குருவானவர் பேனாவை எடுத்தால் வீண் செலவைக் கண்டிக்கத்தான் எடுப்பார் என்று எதிர்பார்க்கும் வாசகர்கள் உண்டு. குருமடத்தில் நாங்கள் படித்த புனித தோமஸ் அக்குவினாஸ், விளையாட்டையும் வேடிக்கையையும் பற்றித் தமது பெரிய இறையியல் நூலில் தனியாகவே ஆராய்கிறார். சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்த புனித அருளப்பரைக் கண்டு முகஞ்சுளித்தவர்களின் கதையை அவர் அங்கே எடுத்தாள்கிறார். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அருளப்பர் மீண்டும் மீண்டும் அம்பு எய்யச் சொன்னாராம். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்க, வில் முறிந்து போகுமே என்றானாம் அவன். மனித மனமும் அப்படியே என்பது கதையின் கருத்து. ஓய்வு சோம்பலன்று; அளவறிந்து அனுபவித்தால் அது நற்பண்புகளில் ஒன்று என்பதே அக்குவினாசின் முடிவு. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஓய்வு நேரத்தையும் பிரயாணத்தையும் மனிதனின் அறிவை விரிக்கும் வழிகளாகவே கண்டது.

ஆகவே போகலாமா, கூடாதா என்பது இங்கே கேள்வியன்று. அங்கே போய் நாம் எதைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

"பச்சைக் கம்பளம் விரித்தாற்போல" என்று எல்லோரும் சொல்லுகிறோம். இயற்கையன்னையின் எழில் என்று பிள்ளைகள் கட்டுரைக் கொப்பியிலும் எழுதுகிறார்கள். உண்மையில் அந்தக் கம்பளத்தை இயற்கை விரிக்கவில்லை. அம்மலைகள் முன்னர் அடர்ந்த காடு. காட்டை வெட்டிக் கோப்பி வைத்தார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி அழிய, அது மலையெல்லாம் பரவியது. தேயிலை இயல்பில் செடியே அன்று. வெட்டாமல் விட்டால் முப்பதடிக்கு மேல் வளர்ந்து மரமாக நிற்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளி, மட்டக்கம்பை மேலே வைத்து மட்டம் பார்த்துப் பார்த்துத்தான் அது இடுப்பளவில் ஒரே சீராக நிற்கிறது. கைகள் ஓய்ந்தால் கம்பளம் சில ஆண்டுகளில் காடாகிவிடும். பராமரிப்பற்றுக் கைவிடப்பட்ட மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதாவது, வான் கண்ணாடி வழியாக நாம் இரசிப்பது ஒரு வேலை. இன்றும் நடந்துகொண்டிருக்கும் வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது? விடியற்காலையில் பிரட்டுக்களம், அங்கே இன்று எந்த மலை என்று சொல்லப்படும். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில். இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு ஏறினால், மழையென்றும் பனியென்றும் வித்தியாசமில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும், இரண்டு கையாலும், நிமிராமல். அட்டை ஏறும். குளவி கலைந்து கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்ற செய்தி மலையகத்திலிருந்து மாதந்தவறாமல் வருவது. பத்திரிகையில் அதற்கு நாலு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. கொழுந்து நிறுக்கும்போது, குறித்த கிலோ இருந்தால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். பல தோட்டங்களில் அந்தக் கணக்கு 18 கிலோவை ஒட்டி இருக்கிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத்தூளாகும். நாம் வாங்கிவரும் பெட்டியின் பின்னால் எத்தனை ஆயிரம் முறை விரல்கள் கிள்ளியிருக்கும் என்பதைக் கணக்கில் கெட்டிக்காரரான பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபாயாயிற்று. 2024இல் அது 1350 ஆனது. இடையிலே, 2022இல், நாட்டின் பொருளாதாரம் விழுந்து அரிசியும் மாவும் விற்ற விலையை நாம் ஒருவரும் மறந்திருக்க மாட்டோம்.

இனி அந்தப் புகைப்பட விஷயத்துக்கு வருகிறேன். வீதியோரத்தில் வான் நிற்கிறது. கீழே இறங்கி, "ஏய் தங்கச்சி, இங்கால பார்! கூடையைச் சரியாப் போடு!" என்று கைதட்டிக் கூப்பிடுகிறார் ஒருவர். தம் வீட்டுப் பிள்ளையை யாராவது நடுவீதியில் அப்படிக் கூப்பிட்டால் அடிதடியாகியிருக்கும். அந்தப் பெண் திரும்பிச் சிரிக்கிறாள். அவளுக்கு இருபக்கமும் இரண்டு பேர் நின்று, பின்னர் பிள்ளைகளை நிறுத்தி, பின்னர் கூடையை வாங்கித் தாங்களே மாட்டிக்கொண்டு, பத்து நிமிடம் போகிறது. அந்தப் பத்து நிமிடமும் கொழுந்தில் குறைகிறது. புறப்படும்போது ஐம்பதோ நூறோ கையில் வைக்கிறார்கள். தருமம் செய்துவிட்ட திருப்தி.

இங்கேதான் நாங்கள் ஒழுக்கவியலில் படித்த பழைய வேறுபாடு ஒன்று பயன்படுகிறது. நீதியால் கொடுக்க வேண்டியதை இரக்கத்தால் கொடுத்ததாகக் காட்டுவது நீதியுமல்ல, இரக்கமுமல்ல. அவளுடைய நேரத்தை எடுத்தோம். அவள் முகத்தை எடுத்தோம். கொடுத்த காசு கூலி. கூலியென்றால் முதலில் கேட்க வேண்டும், சம்மதம் பெற வேண்டும், நியாயமாகக் கொடுக்க வேண்டும், மரியாதையாகவும் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. (இப்போது பல தோட்டங்களில் கூடை போய், சாக்குப் பையில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். வீதியோரத்தில் பிரயாணிகளுக்காகக் கூடையோடு நிற்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு தொழிலாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடைதான் வேண்டுமென்று கேட்டவர்கள் நாம்.)

வெள்ளைக்காரப் பிரயாணிகளும் இதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஜெர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வருபவருக்கு அந்தப் பெண்ணோடு பேச மொழியில்லை. கமராவும் சிரிப்புந்தான் அவருக்கு உண்டு. நமக்கு மொழி உண்டு. அவள் பேசுவதும் நாம் பேசுவதும் ஒரே தமிழ். அப்படியிருந்தும் ஊமையர்போல் இறங்கி, படமெடுத்து, ஏறிப் போகிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது உடனே தெரிந்துவிடுகிறது. "அம்மா, இவையும் தமிழே? ஏன் இவ்வளவு தூரத்தில இருக்கினம்?" என்று வானுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லப்படுகிறது என்பதை வைத்தே அந்தச் சுற்றுலா பிள்ளைக்கு என்ன கற்பித்தது என்று அறியலாம். "தோட்டக்காட்டார்" என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடும் வீடுகள் இன்னமும் உண்டு. அந்தச் சொல்லில் இழிவு இல்லை, வழக்கமாகச் சொல்வதுதான் என்று எனக்கு விளக்கம் தந்தவர்களும் இருக்கிறார்கள். சொல்லப்படுகிறவர்களைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். நம் வடபகுதி வீடுகள் பலவற்றின் அடுப்படியில் ஒரு காலத்தில் சாம்பல் அள்ளிய சிறுமி எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதை அப்பம்மாமாரைக் கேட்டாலும் தெரியும்.

உண்மையான பதில் நீளமானது; ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது, பஞ்சமும் கடனும் துரத்திய தென்னிந்தியத் தமிழர்கள் கங்காணிமாரின் பின்னால் கடல் கடந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, மன்னார்க் காடுகள் வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. அந்த வழிநடையை நினைந்து 2023இல், இருநூறு ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி நடந்தது. மன்னாரிலிருந்து சுற்றுலா போகும் நம் வான்களும் மலைக்குப் போவது அதே திசையில்தான். அவர்கள் வாரக்கணக்கில் நடந்ததை நாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஒரு பகலில் கடக்கிறோம்.

பின்னர் நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. இந்த விஷயத்தில் நம் வடக்குத் தலைமையும் ஒருமனப்படவில்லை. தமிழ்க் காங்கிரஸ் பிளந்து 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு இது முக்கிய காரணம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். 1974இல் அந்த மீதியையும் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. தேங்காயை உடைப்பது போலத்தான். எஞ்சியிருந்தவர்களின் பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

இன்று உலகத்திலேயே அழகான இரயில் பாதைகளுள் ஒன்று என்று பேசப்படுகிறதே மலைநாட்டுப் பாதை, கதவில் தொங்கிக்கொண்டு படமெடுக்கிறார்களே, அந்தப் பாதையில்தான் ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். தாய் ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்கும் எழுதப்பட்ட குடும்பங்கள் இருந்தன. ஹட்டன் ஸ்தேசனிலும் தலவாக்கலை ஸ்தேசனிலும் எழுந்த ஓலத்தைக் கேட்ட மக்கள் அந்த இரயிலுக்கு "அழுகைக் கோச்சி" என்று பெயரிட்டார்கள். பிள்ளைகள் கதவருகே நிற்கும்போது இந்தப் பெயரை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் சுற்றுலாவின் சந்தோஷம் கெட்டுவிடாது. கெட்டாலும் பாதகமில்லை.

நிற்க. இதையெல்லாம் கேட்டு, "அப்படியானால் லயன்களுக்குள் போய் அவர்களின் கஷ்டத்தைப் பார்ப்போம்" என்று இரக்க மனத்தோடு புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு சொல். அழகுக் காட்சிக்குப் பதிலாக அவலக் காட்சி தேடுவது பெரிய முன்னேற்றமன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவையும், இஸ்தோப்பில் காயும் துணியையும், பீலியில் குளிக்கும் பிள்ளையையும் படமெடுத்து, பெருமூச்சோடு ஊருக்கு அனுப்புகிறவரும் பார்வையாளராகத்தான் நிற்கிறார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மலைகள் சரிந்து, லயன்களும் வீதிகளும் இரயில் பாதையும் புதையுண்டபோது எத்தனையோ பேர் உண்மையான அன்போடு ஓடினார்கள். ஆனால் நிவாரணப் பொதியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கமராவைப் பார்த்து நிற்கும் படங்களும் குறைவில்லை. வாங்குபவரின் கண் எங்கே பார்த்தது என்று அந்தப் படங்களில் கவனியுங்கள். அநேகமாகத் தரையை.

மலையக மக்கள் தங்கள் மலைகளைத் துக்க வீடாக எண்ணி வாழ்வதில்லை. எந்த மலைக்கு எந்த மாதத்தில் பனி இறங்கும், எந்த ஓடையில் தண்ணீர் இனிக்கும், எந்தப் பாறையில் சிறுத்தை படுத்திருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாசி மாதம் காமன்கூத்து ஆடுகிறார்கள். மாதா திருநாளுக்குச் சப்பரம் தூக்குகிறார்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். தோட்டத்தில் பிறந்து ஆசிரியர்களாக, வைத்தியர்களாக, சட்டத்தரணிகளாக, குருக்களாக, கன்னியராக வந்தவர்கள் ஏராளம். இப்பத்திரிகையை அவர்களும் வாசிக்கிறார்கள். இக்கட்டுரையை வாசிக்கும்போது, தங்களைப் பற்றி வேறு யாருக்கோ எழுதியிருக்கிறதே என்று அவர்களில் சிலர் சிரிக்கக்கூடும். அச்சிரிப்பில் நியாயம் உண்டு.

பணப்பக்கத்தை அதிகம் நீட்ட விரும்பவில்லை. துரைமாரின் பங்களாக்கள் பல இன்று விடுதிகள். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1990களில் ஹோட்டலாக மாறியது. அழகான வேலைப்பாடு, சந்தேகமில்லை. அங்கே ஓர் இரவுக்குக் கொடுக்கும் வாடகையில் கொழுந்தெடுப்பவளுக்குப் பங்கு இல்லை. அவளுக்குக் கிலோக்கணக்கு மட்டுந்தான். வளைவுக்கு வளைவு குறுக்குப் பாதையால் இறங்கி ஓடி, வானுக்கு முன்னே வந்து பூங்கொத்தை நீட்டும் பையனைப் பற்றி மாத்திரம் ஒன்று சொல்லலாம். பூ வாங்குங்கள், வாங்காமல் விடுங்கள். ஆனால் அவன் ஓட்டத்தைப் பார்ப்பதற்காகச் சாரதியை வேகமாக ஓட்டச் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கையை நம் பிள்ளைகள் முன்னால் செய்ய வேண்டாம்.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றியது எவ்வளவு விரிவானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுத் தலைவனோடு அது முடியவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வீட்டில் தங்கியிருக்கும் அந்நியன் வரை ஓய்வைப் பங்கிடுகிறது. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்ற நினைவையும் இணைச்சட்ட நூல் அதற்குக் காரணமாகச் சேர்க்கிறது. ஓய்வு ஒரு சலுகையல்ல, எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் அங்கேயிருந்து வருகிறது. நாம் மூன்று நாள் நுவரெலியாவில் இருக்கும்போது நம் வீட்டில் சமையலுக்கு நிற்கும் அக்காவுக்கும் அந்த மூன்று நாளும் சம்பளத்தோடு விடுமுறைதானா? வான் சாரதி இரவு எங்கே படுத்தார்? ஆசனத்தைச் சாய்த்துக் குளிரில் படுத்தாரா, அவருக்கும் ஓர் அறை எடுத்தோமா? இவை சின்னக் கேள்விகள்தாம். ஆனால் பிரயாணச் செலவைப் பங்கிட உட்காரும்போது இவற்றைக் கேட்பவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

வான் நின்றால், இறங்கினால், முதலில் வாய் திறக்கலாம். "அக்கா, இது எந்தத் தோட்டம்? இண்டைக்குக் கொழுந்து எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் அவர்கள் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். படத்துக்காகச் சிரிக்கும் சிரிப்பு வேறு, இது வேறு. நீங்க எங்கேருந்து வர்றீங்க என்று பதிலுக்கு அவர்கள் கேட்பார்கள். அதன் பிறகு படமெடுக்கலாமா என்று கேட்பது பெரும்பாலும் தேவைப்படாது; சில வேளைகளில் அந்த எண்ணமே மறந்து போகும்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதுமல்ல. ஆகஸ்ட் மாதம் மருதமடுத் திருவிழாவுக்கு மலைநாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். காட்டுக்குள் நாம் ஒரு கொட்டில் போட, பக்கத்தில் அவர்கள் ஒரு கொட்டில் போடுகிறார்கள். அங்கே யாரும் யாரையும் கூப்பிட்டுப் படத்துக்கு நிறுத்துவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் வரிசை ஒன்றுதான். விறகு ஈரமென்றால் அவர்கள் நெருப்புத் தருகிறார்கள். உப்பு முடிந்தால் நாம் கொடுக்கிறோம். எந்த இடம், எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன நேர்த்தி என்றெல்லாம் இரண்டாம் நாளே தெரிந்துவிடுகிறது. பொகவந்தலாவை என்பார்கள், மஸ்கெலியா என்பார்கள், டிக்கோயா என்பார்கள். போன ஏப்ரலில் அந்தப் பக்கம் வந்தோமே என்று நம் பிள்ளைகள் துள்ளுவார்கள். "அப்படியா? வந்துட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காம போயிட்டீங்களே!" என்று அந்தத் தாய்மார் மனந்தாங்கலோடு சொல்வார்கள்.